மாரியம்மன் கோயில் தெரு வழியாக

சிதம்பரத்திலிருந்து குமராட்சி வழியாகப் புளியமேடு போகும் மினிபஸ்ஸை உத்திராபதி பத்தொன்பது வருஷம் ஓட்டினார். அதில் பதினேழு வருஷம் செம்பியன்தான் கண்டக்டர். முதலாளி இரண்டு முறை மாறினார், பஸ்ஸே ஒரு முறை மாறியது; இவர்கள் இருவரும் மாறவில்லை. ஆடி மாதம் உத்திராபதி கவிச்சி தொட மாட்டார். தவக்காலத்தில் செம்பியன் தொட மாட்டான். ஒருவர் விரதத்தை மற்றவரும் சேர்ந்து பிடித்துவிடுவதால், பஸ் ஸ்டாண்டு எதிரிலிருந்த சாப்பாட்டுக் கடையில் வருஷத்தில் பல நாள் இரண்டு தயிர்சாதம்தான். "நம்ம ரெண்டு சாமியும் பேசி வச்சிக்கிட்டு நம்மள பட்டினி போடுதுங்கண்ணே" என்பான் செம்பியன்.

புளியமேடு கொள்ளிடக் கரையில் இருக்கிறது. மேற்கே மாரியம்மன் கோயில் தெரு, உழவுக் குடும்பங்கள். கிழக்கே மாதா கோயில் தெரு. நடுவில் பஸ் திரும்புகிற இடம். கடைசி டிரிப்பில் பஸ்ஸை நிறுத்திப் பூட்டியதும் உத்திராபதி மேற்கே நடப்பார், செம்பியன் கிழக்கே நடப்பான். செம்பியனின் மகள் வெண்மதி சிதம்பரத்துக்கு நர்சிங் படிக்கப் போய்வந்தது அந்த பஸ்ஸில்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் சீட் அவளுடையது. உத்திராபதியைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

மாதா கோயில் தெருவுக்குக் கல்லறை, ஊருக்கு மேற்கே ஆற்றோர மேட்டில் இருந்தது. மாரியம்மன் கோயில் தெரு வழியாக நேராக நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கிழக்குத் தெருச் சாவுகள் எல்லாம் படுகையில் இறங்கி, தெற்கே சுற்றிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில்தான் போகும். அது அவர்களுடைய வழக்கம் என்று உத்திராபதி நினைத்திருந்தார். ஏன் அந்த வழி என்று பதினேழு வருஷத்தில் ஒருநாளும் செம்பியனைக் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

நான்கு வருஷத்துக்கு முந்தைய ஆடியில் உத்திராபதி தீ மிதிக்க வேண்டிக்கொண்டு காப்பு கட்டியிருந்தார். மகள் வினோதினிக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது ஏழு மாதம் நின்றிருந்தது. மனைவி லோகநாயகி அம்மனிடம் அழுது நேர்ந்துகொண்டது அது. மஞ்சள் துண்டு வைத்த நூலை மணிக்கட்டில் கட்டிவிட்டால், அவிழ்க்கிற வரைக்கும் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, பிணத்தைத் தொடக் கூடாது. தெருவுக்கே காப்பு கட்டியாயிற்று என்றால் தெருவுக்குள் பிணம் வரக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை தீமிதி. சனிக்கிழமை காலை காப்பு அவிழ்ப்பு.

புதன்கிழமை மாலை டிரிப்பில், குமராட்சி தாண்டியதும், செம்பியன் டிக்கெட் பையை எஞ்சின் மேல் வைத்துவிட்டு, "அண்ணே, மாரு அடைக்குதுண்ணே" என்றான். உத்திராபதி கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தார். ஏறியிருந்த முப்பது பேரையும் வைத்துக்கொண்டே பஸ்ஸைத் திருப்பி சிதம்பரத்துக்கு விட்டார். ஒருவரும் இறக்கிவிடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவனை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கியபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. உயிருள்ள உடம்பின் கனம் அப்படி இருக்காது. உள்ளே கொண்டுபோய்க் கிடத்தியபிறகு டாக்டர் வந்து பார்த்து, "வர்ற வழியிலயே போயிட்டாரு" என்றார்.

அன்று கோயில் பந்தலில் விழாக்குழுத் தலைவர் பாலகுமார் அவரைக் கூப்பிட்டுக் கேட்டான். லோகநாயகியின் பெரியப்பா மகன், உத்திராபதிக்கு மச்சான். சுற்றிலும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"மாமா, உசுரு போனப்பறம் தொட்டீங்களா?"

உத்திராபதிக்கு வினோதினியின் வயிறு கண்முன் வந்தது. "இல்ல மச்சான். தூக்கறப்ப உசுரு இருந்துச்சி. உள்ள கொண்டுபோய்தான் போச்சி" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் அதுதான். சொன்ன கையோடு தலை முழுகிவிட்டு வந்து படுத்தார்.

அந்த வாரம் மேட்டூரில் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை விடிந்தபோது படுகை முழுக்கக் கொள்ளிடம் ஓடியது. கல்லறை மேடும் மாரியம்மன் கோயில் தெருவிலிருந்து அங்கே போகிற வழியும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. தெற்கே சுற்றிப் போகிற பாதை மார்பளவு தண்ணீருக்குள் கிடந்தது.

மாதா கோயில் தெருவிலிருந்து ஃபாதரும் இரண்டு பெரியவர்களும் வந்து, மாரியம்மன் கோயில் தெரு வழியாக எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டார்கள். காப்பு கட்டியிருக்கும்போது எப்படி என்று பாலகுமார் திருப்பிக் கேட்டான். அவனுக்கு அது வெறும் சட்டம் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே திருவிழாவில் காப்பு கட்டிய பிறகு, வழி தவறிய வேன் ஒன்று வெளியூர்ப் பிணத்தோடு தெருவுக்குள் வந்து திரும்பிப் போனது. மூன்றாம் நாள் கோயில் கோபுரத்துக்கு சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்த அவன் தம்பி தமிழ்மணியைக் கரண்ட் அடித்து, சிதம்பரம் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. இருபத்துநாலு வயது. பாலகுமார் அன்றிலிருந்து அந்த வேனைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டு தெரு இளைஞர்களும் பஸ் திரும்புகிற இடத்தில் கூட ஆரம்பித்தார்கள். போலீஸ் ஜீப் வந்தது, தாசில்தார் வந்தார். இரண்டு பக்கமும் பேசக்கூடிய ஒரே ஆள் உத்திராபதி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் நாலு முறை இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் நடந்தார். செம்பியன் வீட்டுக்குள் மட்டும் போகவில்லை. எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டார். வெண்மதி வெளியே வந்தாள்.

"சனிக்கிழம காலையில காப்ப அவுத்துடுவாங்கம்மா. அதுவரைக்கும் ஐஸ் பொட்டியில வச்சிருந்தம்னா, தெரு வழியாவே எடுத்துக்கிட்டுப் போவலாம். பாலகுமார ஒத்துக்க வச்சிட்டன்" என்றார்.

"எப்படி எடுத்துக்கிட்டுப் போவணும் பெரியப்பா? சத்தம் இல்லாம, விடியறதுக்குள்ளயா?"

"இல்ல, இல்ல. சிலுவ புடிச்சிக்கிட்டு, பேண்டு வாத்தியத்தோட. எல்லாத்துக்கும் சரின்னுட்டான்."

அவள் தெற்கே ஆற்றுப் பக்கம் பார்த்தாள். பிறகு, "காப்பு கட்டாத மாசத்துலயும் எங்கள அந்தத் தெருவுல உட்டதில்லயே. எங்க தாத்தாவ ஆத்துவழியாதான் கொண்டு போனாங்க. அது மாசி மாசம்" என்றாள்.

உள்ளேயிருந்து செம்பியன் மனைவி ராசம்மாளின் குரல் வந்தது. "அண்ணன் சொன்னா சரியா இருக்கும். இருக்கலாம் பாப்பா. ரெண்டு நாள்தான." புருஷனைப் பறிகொடுத்து ஒருநாள்கூட ஆகாத பெண், தனக்காக மகளைச் சமாதானம் செய்கிறாள் என்று உத்திராபதிக்கு நெஞ்சு கலங்கியது. தாசில்தார் முன்னால் இரண்டு தெருக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. ஆற்றோர டிரான்ஸ்பார்மரில் தண்ணீர் ஏறியதால் மின்வாரியத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் வடியாமல் கொடுக்க முடியாது என்றார்கள். ஐஸ் பெட்டியின் சத்தம் நின்றது. குமராட்சி ரோட்டிலும் தண்ணீர் ஓடியதால் சிதம்பரத்திலிருந்து ஐஸ் கட்டி கொண்டுவர வழியில்லை. ஊரில் ஒரே ஒரு ஜெனரேட்டர்தான் இருந்தது. திருவிழா லைட்டுக்கும் மைக்குக்கும் வாடகைக்கு எடுத்து, பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தது.

உத்திராபதி நாலு மணிக்குப் போய்க் கேட்டார்.

"குடுக்க மாட்டன்னு சொல்லல மாமா" என்றான் பாலகுமார். "நான் ஒருத்தன் முடிவு பண்ண முடியுமா? குழுவுல அஞ்சு பேரு இருக்காங்க. சாமிக்கின்னு எடுத்தத பொணத்துக்குக் குடுத்துட்டு, மறுபடியும் கொண்டாந்து சாமிக்கு வைக்கறதான்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான்."

ஐந்து பேரில் ஒருவர் வயலில் இருந்தார், ஒருவர் சொந்தக்காரரை அழைத்துவரப் போயிருந்தார். வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர், "உத்திராபதிக்கு என்னா அவ்ளோ துடிப்பு? நேத்து ஆஸ்பத்திரியில நடந்ததயே நாம சரியா கேக்கல" என்றார். அதைக் கேட்டதும் உத்திராபதிக்கு வாய் அடைத்துப்போனது. இன்னும் நாலு வார்த்தை அழுத்திச் சொன்னால் பேச்சு அங்கேதான் போகும். காப்பு கட்டிய கையோடு பிணத்தைத் தொட்டது வெளியே வரும், தீமிதியிலிருந்து விலக்குவார்கள், லோகநாயகி தாங்கமாட்டாள். அவர் பந்தல் கம்பில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். காலையில் முடிவு சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழு ஒத்துக்கொண்டது. மைக்கும் லைட்டும் இல்லாமலே தீமிதி நடக்கட்டும், ஜெனரேட்டரை அனுப்பிவிடலாம் என்று பாலகுமாரே கடைசியில் சொன்னான். டிராக்டர் பெட்டியில் அதை ஏற்றிக்கொண்டு மாதா கோயில் தெருவுக்குப் போனபோது செம்பியன் வீட்டு வாசலில் யாரும் இல்லை. திறந்த ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து ஊதுவத்தியை மீறி வாடை வந்தது. அடுத்த வீட்டுக் கிழவர், "ராசம்மா போதும்னு சொல்லிடுச்சி. எடுத்துட்டாங்க" என்று தெற்கே கையைக் காட்டினார்.

உத்திராபதி ஓடினார். படுகையில் பன்னிரண்டு பேர் தண்ணீருக்குள் நின்று சவப்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார்கள். முன்னால் ஃபாதர் அங்கியை இடுப்பில் சுருட்டிக் கட்டிக்கொண்டு, கோலால் பாதையைத் தட்டித் தட்டிப் போனார். கரையில் பெண்கள். ராசம்மாள் அழவில்லை, பெட்டி சாயும்போதெல்லாம் தன் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தாள்.

"காப்பு கட்டியிருக்கியேப்பா" என்று யாரோ சொன்னார்கள். உத்திராபதி நூலைப் பல்லால் கடித்து அறுத்துத் தண்ணீரில் போட்டார். தோள் கொடுக்கப் போனவரை, முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த வெண்மதி பார்த்தாள்.

"இப்ப வந்து என்னா பண்ணப் போறீங்க?" என்றாள். பெரியப்பா என்று சொல்லவில்லை.

பாதி தூரத்தில் ஒருவன் காலடி மண் சரிந்து பெட்டி ஒரு பக்கம் நீரில் இறங்கிவிட்டது. எல்லாருமாகச் சேர்ந்து இழுத்துத் தூக்கினார்கள். மேட்டில் தோண்டிய குழியில் ஊற்று சுரந்தது. வாளியால் இறைக்க இறைக்க நிறைந்தது. ஃபாதர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். கலங்கல் தண்ணீருக்குள் பெட்டியை இறக்கினார்கள். அது உடனே அடியில் போய் உட்காரவில்லை. மண்ணைப் போட்டு, மேலே கல்லை வைத்து அமுக்க வேண்டியிருந்தது. உத்திராபதியும் ஒரு கல்லை எடுத்து வைத்தார். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இன்னொரு துண்டு கேட்டு வாங்கி இவர் இலையில் வைக்கிற கை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அன்று மாலை தீமிதி அவர் இல்லாமல் நடந்தது. லோகநாயகி அவரோடு பேசவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "எம் பொண்ணுக்கு எதுனா ஆச்சின்னா" என்று மட்டும் சொன்னாள். அக்டோபரில் வினோதினிக்கு ஆண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதன் பிறகுதான் அவருக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்த்தாள்.

ஊர் அதற்குள் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. தீமிதி முடிந்த மறுவாரமே திருவிழா பேனர் கிழிந்தது. அதற்குப் பதிலுக்கு ஒரு பைக் எரிந்தது. இரண்டு பக்கமும் ஏழெட்டுப் பிள்ளைகள் மேல் கேஸ். மாதா கோயில் தெருக்காரர்கள் உத்திராபதி ஓட்டுகிற பஸ்ஸில் ஏறவில்லை, நடந்தே மெயின் ரோட்டுக்குப் போனார்கள். மாரியம்மன் கோயில் தெருவில் காப்பை அறுத்தவன் என்று பேர் வந்தது. முதலாளி அவரைக் குமராட்சி ரூட்டிலிருந்து எடுத்து வேறு ரூட்டுக்கு மாற்றினார். வெண்மதி படிப்பை முடித்து, கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, தாயையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

உத்திராபதி விடவில்லை. கடலூர் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் எட்டு முறை மனு கொடுத்தார். பாலம் கட்டித் தருகிறோம் என்றார்கள், படுகையில் கட்ட முடியாது என்றார்கள். அதிகாரிகள் கையில் இது இல்லை என்று அவருக்கு மெதுவாக விளங்கியது. ஒருநாள் பாலகுமாரின் வயல் வரப்பில் போய் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார்.

"செத்த பிறகுதான் மச்சான் தூக்கினன். ஒங்கிட்ட பொய் சொல்லிட்டன்."

பாலகுமார் மண்வெட்டியை வரப்பில் ஊன்றினான். "அதனாலதான் அன்னைக்குப் பந்தல்ல வாயத் தொறக்காம ஒக்காந்திருந்தீங்களா?" என்றான். ஆமாம் என்றார். திட்டுவான் என்று எதிர்பார்த்தார். அவன், "நானும் கேட்ட ஒடனே குடுத்திருக்கலாம் மாமா" என்றான்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு தெருவும் உட்கார்ந்தன. கடலூரிலிருந்து ராசம்மாள் வந்திருந்தாள், வெண்மதி வரவில்லை. ஆளாளுக்குப் பழைய கணக்கைப் பேசினார்கள். ஒரு மணி நேரம் கழித்து ராசம்மாள் எழுந்தாள். குரல் உயர்த்தவில்லை.

"பாலகுமாரு தம்பி, ஒங்க தமிழ்மணிய சிதம்பரத்துலேர்ந்து எந்த வழியா கொண்டாந்தீங்க?"

"எங்க தெரு வழியாதான்."

"அப்ப காப்பு இருந்துச்சா?"

பாலகுமார் நிமிர்ந்து பார்த்தான்.

"இருந்துச்சி" என்றான். "அவனுக்காக முன்னாடியே அவுத்துட்டம்."

"அன்னைக்கு நான் ஒங்க வயல்ல நடவு நட்டுக்கிட்டிருந்தன். சேத்தோட ஓடியாந்தன். உள்ள வரக் கூடாதுன்னு தெரு மொனையிலயே நின்னு அழுதன். அந்தப் புள்ள என்னை அக்கான்னு கூப்புடும்." அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களுக்கு அவுக்கத் தெரிஞ்சுதுல்ல. அத எங்களுக்கும் செஞ்சிருக்கலாம். அதுதான் நான் சொல்ல வந்தது." உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு அங்கிருந்த மேற்குத் தெருக்காரர்கள் அத்தனை பேருக்கும் தமிழ்மணிக்காகக் காப்பு அவிழ்த்தது தெரியும். உத்திராபதிக்கும் தெரியும், அவரும் அன்றைக்குத் தோள் கொடுத்தவர்தான். ஆனால் செம்பியன் கிடந்த அந்த இரண்டு நாளும் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. இது எப்படி என்று அவர் பிறகு பலமுறை யோசித்திருக்கிறார். மறைத்துவைத்த விஷயம்கூட இல்லை. தங்கள் பிள்ளைக்குச் செய்ததை வழக்கத்தை மீறியதாகவே அவர்கள் நினைத்திருக்கவில்லை.

பாலகுமார் எழுந்து, எல்லாருக்கும் முன்னால் ராசம்மாளைப் பார்த்துக் கைகூப்பினான். அன்றே ஒப்பந்தம் எழுதினார்கள். எந்தத் தெருச் சாவும் எந்த மாதமும் மாரியம்மன் கோயில் தெரு வழியாகவே போகலாம். காப்பு கட்டிய நாளாக இருந்தால் பிணம் கடக்கிற வரைக்கும் அம்மனுக்குத் திரை போட்டு, மைக்கை நிறுத்தி, பிறகு தெருவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொள்வது. கேஸ்களை இருதரப்பும் வாபஸ் வாங்குவது. ஃபாதரும் கோயில் பூசாரியும் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டார்கள். மஞ்சள் தண்ணீர் எதற்கு என்று கிழக்குத் தெருவில் இன்றைக்கும் முணுமுணுப்பு உண்டு. அது நியாயம்தான் என்று உத்திராபதியும் நினைக்கிறார். அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

முதலில் அந்த வழியாகப் போனது பட்டம்மாள் என்கிற தனிக்கட்டைக் கிழவி. கார்த்திகை மழையில், சிலுவையோடு, வாத்தியத்தோடு போனார்கள். மேற்குத் தெருவில் சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிலர் வாசலில் எழுந்து நின்றார்கள்.

அதைச் சொல்லத்தான் உத்திராபதி கடலூருக்குப் போனார். வெண்மதி டியூட்டி முடிந்து வெளியே வந்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். கிழவியைக் கொண்டுபோனதை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, குறுக்கிடாமல் கேட்டாள்.

"நல்லது. அலைஞ்சி முடிச்சீங்க" என்றாள். "எங்கப்பாவுக்கு ஆவல."

"ஆவல" என்றார் அவர். பிறகு, வந்ததிலிருந்து நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்ததையும் சொன்னார். ஆஸ்பத்திரி வாசல், பந்தலில் சொன்ன பொய், ஜெனரேட்டர் கேட்டுவிட்டு வாயடைத்து உட்கார்ந்திருந்தது. "நான் அன்னைக்கு எழுந்து நின்னு கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பாங்க. பொய் வெளிய வந்துடும்னு பேசாம இருந்துட்டன்."

வெண்மதி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். இத்தனை நாளும் கோயில்காரர்கள்தான் கொடுக்கவில்லை என்று நினைத்திருந்தாள். நடுவில் நின்று போராடித் தோற்ற மனுஷன் என்று, கோபத்தோடு கோபமாக, இவருக்கு ஒரு இடம் வைத்திருந்திருக்கிறாள். அது போவது முகத்தில் தெரிந்தது.

"இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்மா."

பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். இரண்டடி நடந்து திரும்பி வந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அது இன்னமும் அண்ணன் அண்ணன்னு ஒங்களத்தான் சொல்லிக்கிட்டிருக்கு. அதுக்கு வேற யாரும் இல்ல அந்த ஊர்ல."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினார்.

அவருக்கு இப்போது அறுபது நடக்கிறது. சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வீட்டுக்குப் பேரன் வந்தால் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போவதில்லை. போன நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, தாயும் மகளும் மெழுகுவத்தியும் பூவும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மாரியம்மன் கோயில் தெரு வழியாகத்தான் நடந்துபோனார்கள். லோகநாயகி வாசலில் நின்றிருந்தாள். உத்திராபதி பின்கட்டில், தொட்டிக்குப் பக்கத்தில், அவர்கள் திரும்பிப்போய் பஸ் ஏறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். ராசம்மாளின் எதிரே நின்றால் வாய் தானாகத் திறந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

லோகநாயகி உள்ளே வந்தாள்.

"ராசம்மா ஒங்கள கேட்டுச்சி."

"என்னா சொன்ன?"

"வேன் ஓட்டப் போயிருக்காருன்னு சொன்னன்" என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் அவளும் உட்கார்ந்துகொண்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை.